விளக்கம் அளிக்கப்பட்டது

பணி ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களை ஆண்டுதோறும் வெளியிடும் நம் பேச்சு மன்ற மலரில் இருபத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி எழுதுவது முறைதானா என்று தயங்கினேன். அறுபதைக் கடந்து, சால்வை போர்த்தப்பட்டு, கைதட்டலுக்கு நடுவே நாற்காலியிலிருந்து எழுந்தவர்களுக்கான பக்கங்கள் இவை. எனக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. நான்கு ஆண்டுகள் பார்த்த வேலையை நானே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனாலும் பிறர் சார்பில் பேசும் தொழிலிலிருந்து முற்றாக விலகிவிட்டேன் என்ற அளவில் நானும் ஓய்வு பெற்றவள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியவர்கள் மன்றத்தின் இளையவர்கள் மூவர். குறைகரி ஹைட்ரஜனைப் போக்குவரத்து எரிபொருளாக்கும் அரசின் கொள்கை வரைவு திருத்தப்பட்டு மீண்டும் மக்கள் முன் வரவிருக்கிறது. அதை ஊர் ஊராகச் சென்று விளக்க, நன்றாகப் பேசத் தெரிந்த பட்டதாரிகளை எடுக்கிறார்கள். மூவருக்கும் ஆணை கிடைத்துவிட்டது. “கூட்டத்தை எப்படிக்கா கட்டிப் போட்டீங்க? அந்த வித்தையை மட்டும் சொல்லிக் குடுங்க” என்று கேட்டார்கள். அன்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த வித்தை என்ன செய்தது என்பதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பில் மேடையேறினேன். கல்லூரி முடிப்பதற்குள் வீட்டு அலமாரியில் கோப்பைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. சீட்டுக் குலுக்கிப் போட்டு எந்த அணி வந்தாலும் அந்த அணிக்காகப் பேசி வெல்வேன். எதிரணியின் கேள்வி எழும்போதே, அதற்குப் பதில் சொல்லாமல் அதைச் சிரிப்பாக மாற்றும் இடம் எது என்று என் மனம் தேடத் தொடங்கிவிடும். இதை ஒரு திறமை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பலர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு திட்ட அலுவலகத்தில் மக்கள் விளக்க அலுவலராகச் சேர்ந்தேன். இரண்டு வாரம் பாடம் நடத்தினார்கள். நீரை மின்சாரத்தால் பிரித்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். அந்த மின்சாரம் காற்றாலையிலிருந்தோ சூரிய ஒளியிலிருந்தோ வந்தால் வானில் சேரும் கரி மிகக் குறைவு. இயற்கை எரிவாயுவிலிருந்தும் அதைப் பிரித்தெடுக்கலாம். அப்போது வெளியேறும் கரியைப் பிடித்து அடைத்துவிட்டால் அதையும் குறைகரி என்று ஏற்கலாமா என்பது வரைவில் அப்போது நடந்துகொண்டிருந்த விவாதம். பேருந்துக்குள் இந்த ஹைட்ரஜன் மின்சாரமாக மாறிச் சக்கரத்தைச் சுழற்றும். புகைபோக்கியில் நீராவிதான் வரும். கனமான வண்டிகளுக்கும் ஏற்றமான சாலைகளுக்கும் இது பொருந்தும் என்று வரைவு வாதிட்டது. அதைச் சோதித்துப் பார்க்க, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு பேருந்து, ஒரு தடம், ஓராண்டு. அதற்கு முன் அடிவாரத்திலும் மலையிலும் கூட்டங்கள் நடத்தி மக்கள் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்வது என் வேலை.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் குற்றம் முழுவதும் அதற்குள்ளேயே நடந்தது. ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டங்கள்: கேட்டவர் பெயர், ஊர், கேள்வி, பதில், நிலை. கடைசிக் கட்டத்தில் இரண்டே சொற்றொடர்களில் ஒன்றைத்தான் எழுதலாம். ஒன்று ‘விளக்கம் அளிக்கப்பட்டது’. மற்றொன்று ‘நிலுவை’. நிலுவை என்று எழுதப்பட்ட ஒவ்வொரு கேள்வியும் வரைவுக் குழுவின் மேசைக்குப் போகும். சோதனை ஓட்டம் தொடங்குவதற்கு முன் குழு அதற்கு எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். விளக்கம் அளிக்கப்பட்டது என்று எழுதினாலோ, கேள்வி அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும். மலையில் ஒரு மூலையிலிருந்து எழும் குரல் தலைநகரத்து அறைக்குப் போய்ச் சேர அந்த ஒரு கட்டத்தை விட்டால் வேறு வழி இல்லை.

பதிவேட்டைச் சரிபார்ப்பவர் திட்ட அலுவலர் நடேசன் சார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கூட்டம் முடிந்த மறுநாள் காலை பதிவேட்டை அவர் மேசையில் வைக்க வேண்டும். அவர் உட்கார்ந்து படிக்கமாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, முதலில் கேட்டவரின் பெயரை உரக்கச் சொல்வார். பிறகு கேள்வியை வாய்க்குள் படிப்பார். பிறகு பதிலைப் படிப்பார். ஐயம் வந்தால் பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். திட்டமாட்டார், திருத்தமாட்டார். புள்ளிக்கு நாம் விடை சொன்னால் ரப்பரால் அழித்துவிட்டுக் கையெழுத்திடுவார். பேச்சில் தேர்ந்த எனக்கு அந்த மௌனப் புள்ளி எரிச்சலூட்டியது. அதை எதிர்த்து வாதாட முடியாது.

முள்ளுக்குறிச்சிக் கூட்டத்தில் எனக்கு முதல் அடி விழுந்தது. அதை அடி என்று கருதியதே என் பிழை. அடிவாரத்து மரவள்ளி விவசாயி ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டியபடி எழுந்தார்.

“ஏனுங்க அம்மிணி, அந்த ஹைட்ரஜன எங்கீங்க தயார் பண்றாங்க?”

“கடற்கரைப் பக்கம் ஆலையிலங்க ஐயா.”

“அங்கிருந்து நம்மூருக்கு எப்புடீங்க வருது?”

“உருளையில அடைச்சு லாரியில வருதுங்க.”

“செரீங்க. அந்த லாரி எதுலீங்க ஓடுது?”

எனக்கு விடை தெரியும். “டீசல்லங்க.”

“அப்பச் செரி. புகைய வழியெல்லாம் உட்டுப்போட்டு வாரீங்க, நம்மூர்ல மட்டும் உடறதில்ல. நம்மூருக்கு நல்லதுதானுங்க!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. குறைகரி என்று கணக்கிடும்போது கொண்டு வரும் லாரியின் கரியும் சேருமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நிலுவை என்று எழுதினேன். மறுநாள் நடேசன் சார் அந்தப் பெரியவரின் பெயரை இரண்டு முறை உரக்கச் சொன்னார். “நல்ல கேள்விம்மா” என்றார். சில மாதங்களில் குழு வரைவையே மாற்றியது: எரிபொருளைக் கொண்டு வரும் வழியில் வெளியாகும் கரியையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்று ஒரு பிரிவு புதிதாக வந்தது. ஒரு மரவள்ளி விவசாயியின் கிண்டல், கொள்கையில் ஒரு பிரிவாகிவிட்டது. மகிழ்ந்திருக்க வேண்டிய இடம். நானோ, மேடையில் நின்று நான் சிரிக்கப்பட்டதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இனி என் பதிவேட்டில் நிலுவை விழாது என்று முடிவெடுத்தேன்.

அடுத்தடுத்த கூட்டங்களில் விழவில்லை. வெடிக்குமா என்றார்கள், விளக்கினேன். தண்ணீரை உறிஞ்சுமா என்றார்கள், விளக்கினேன். இவை நேர்மையாகச் சொன்ன பதில்கள்தாம். அலுவலகத்தில் என்னைப் பற்றிப் பேச்சு பரவியது. ‘அந்தப் பொண்ணு போனா கூட்டம் சுத்தமா முடிஞ்சிரும்’ என்றார்கள். அந்தச் சுத்தம் என்ற சொல் எனக்கு இனித்தது.

பிறகு மலைமேல், திண்ணனூர் நாடு என்னும் பகுதியில் ஒரு சிற்றூர். கூட்டம் பள்ளிக்கூட முற்றத்தில். ஆட்களைத் திரட்டி வைத்திருந்தவர் அவ்வூர் ரேஷன் கடை விற்பனையாளர் தங்கராசு. எந்தக் கூட்டத்திலும் முதலில் சிரிப்பவர், முதலில் கைதட்டுபவர். என் போன்றவர்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் பாதி வெற்றி. எட்டுக் கேள்விகள் முடிந்தன. கடைசியாக ஒரு பெண் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் பாவாயி. சொந்தக் காட்டில் பலாவும் மிளகும் கொஞ்சம் சாமையும் வைத்திருப்பவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

“அம்மிணி, புது பஸ்ஸுக்கு மேல மூட்டை ஏத்தலாமுங்களா?”

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலைக்கு வரும் பழைய பேருந்தின் கூரைமேல் இரும்புக் கம்பித் தட்டு உண்டு; பின்பக்கம் ஏணி உண்டு. விடிகாலை முதல் வண்டியின் கூரையில் பலாப்பழமும் வாழைத்தாரும் மிளகு மூட்டையும் கீழே சந்தைக்கு இறங்கும். புதுப் பேருந்தின் கூரை முழுவதும் ஹைட்ரஜன் உருளைகள். அதன்மேல் ஒரு கைப்பையைக்கூட வைக்கக் கூடாது, ஏணியும் கிடையாது. இதைக் கூட்டத்திற்கு முந்தைய நாள் பணிமனையில் பொறியாளர் எனக்குச் சொல்லியிருந்தார். என் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருந்தது. ஆகவே பாவாயி கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். ‘கூடாது’ என்று சொல்லியிருந்தால், ‘அப்படியானால் எங்கள் மூட்டை எப்படிப் போகும்’ என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. நிலுவை விழுந்திருக்கும்.

நான் சொன்னது இது: “அக்கா, ஊரே அண்ணாந்து பார்க்கப் போற பஸ்ஸு இது. அண்ணாந்து பார்க்கறப்ப மேல பலாப்பழமாங்க தெரியணும்?”

சிரிப்பு எழுந்தது. தங்கராசு எழுந்து நின்றே கத்தினார்: “பாவாயக்கா பழத்துக்கு ஜன்னல் சீட்டு வேணுமாமுங்க!” சிரிப்பு இரட்டிப்பாயிற்று.

பாவாயி உட்காரவில்லை. “அதில்லீங்க அம்மிணி. ஏத்தலாமுங்களா, கூடாதுங்களா? அத ஒண்ணு சொல்லீட்டீங்கன்னா போதுமுங்க.”

மேடையில் இரண்டாவது முறை எழும் கேள்விக்கு உருக்கம்தான் மருந்து என்று பழகியிருந்தேன். குரலைத் தாழ்த்தினேன். உங்கள் பழம் ஏன் பேருந்தின் முதுகில் ஏறி இறங்க வேண்டும்; புகையில்லாத இந்த வண்டி வந்தால் இந்த மலையைப் பார்க்க நாடே வரும்; வாங்குகிறவன் உங்கள் மரத்தடியைத் தேடி வருவான்; இன்றைக்கு நீங்கள் சுமக்கிற சுமையை நாளை உங்கள் பிள்ளைகள் சுமக்கமாட்டார்கள் என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு படி ஏறி, கடைசிச் சொல்லில் நிறுத்தினேன். கைதட்டல் ஓயச் சற்று நேரம் பிடித்தது. பாவாயி என்னைப் பார்த்தார், சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். ஒன்பதாம் வரியின் பதில் கட்டத்தில் ‘சுற்றுலா வளர்ச்சியும் சந்தை வாய்ப்பும் எடுத்துரைக்கப்பட்டன’ என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில் ‘விளக்கம் அளிக்கப்பட்டது’.

மறுநாள் ஜன்னலோரம் நின்று நடேசன் சார், “பாவாயி” என்றார். கேள்வியைப் படித்தார். பதிலைப் படித்தார். மீண்டும் கேள்விக்குப் போனார். புள்ளி வைத்தார்.

“ஏத்தலாமா கூடாதான்னு கேட்டிருக்காங்க. பதில்ல அது இல்லையேம்மா.”

சுமை ஏற்றுவது கொள்கை சார்ந்த கேள்வி அன்று, அது போக்குவரத்து நிர்வாகம் சார்ந்தது, நம் வரம்புக்கு அப்பாற்பட்டது, மேலும் கேட்டவரே அமைதியடைந்துவிட்டார் என்று நான்கு காரணங்களை அடுக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார்.

“அமைதியானாங்களா, உட்கார்ந்தாங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்.”

அவர், “பதிவேடு அனுப்ப இன்னும் மூணு நாள் இருக்கு. ஒரு எட்டு நேர்ல போய் அந்தம்மாவக் கேட்டுட்டு வந்துருங்க” என்றார்.

இரண்டாம் நாள் மலையேறினேன். மலைமேல் பேருந்துகள் வந்து நிற்கும் செம்மேட்டில் இறங்கியபோது மணி பத்து. அங்கிருந்து அந்தச் சிற்றூருக்கு அடுத்த வண்டி பன்னிரண்டரைக்கு. அதில் இறங்கி மேலும் நடக்க வேண்டும். அன்று பிற்பகல் கீழே இராசிபுரத்தில் ஒரு கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு நான் நடுவர். அழைப்பிதழில் என் பெயர் அச்சாகியிருந்தது. ஒரு தேநீர்க் கடை நிழலில் நின்றுகொண்டு தங்கராசுவை அழைத்தேன்.

“பாவாயி அக்கா அந்தக் கேள்விய மறுபடி ஏதாச்சும் கேட்டாங்களா?”

“அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். நீங்க பேசுனதக் கேட்டு ஊரே கொண்டாடுது. அவங்க இப்ப ஜன்னல் சீட்டுன்னு கூப்புட்டாத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லீங்க!” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் எனக்கு அதிகமாகக் கூசுகிறது. பழைய பேருந்திலேயே கீழே இறங்கி, நடுவர் நாற்காலியில் அமர்ந்து, தர்க்கத்தில் நேர்மை வேண்டும் என்று பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டேன். மறுநாள் காலை பதிவேட்டில் ஒன்பதாம் வரிக்குக் கீழே எழுதினேன்: ‘கேட்டவரிடம் நேரில் உறுதி செய்யப்பட்டது.’ நடேசன் சார் படித்தார். என் காலடியைப் பார்த்தார். ரப்பரை எடுத்துப் புள்ளியை அழித்தார்.

சோதனைப் பேருந்து வந்தது. மாலைகள், தேங்காய், என் உரை. ஏற்றத்தில் அது மூச்சு வாங்காமல் ஏறியதைப் பார்த்து மக்கள் வியந்தார்கள். அந்த வியப்பு உண்மையானது, வண்டியும் நல்ல வண்டி. விடிகாலை முதல் ஓட்டத்தை அதற்குக் கொடுத்து, பழைய வண்டியைப் பத்தரை மணிக்கு மாற்றினார்கள். கீழே சந்தையில் வியாபாரிகள் பத்து மணிக்கெல்லாம் கொள்முதலை முடித்துவிடுவார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை. எண்ண வைத்திருக்கக் கூடிய ஒரே கேள்வி என் பதிவேட்டில் முடிந்து கிடந்தது.

பலாப் பருவம் தொடங்கிய நேரத்தில் வரைவுக் குழுவிலிருந்து மூவர் பேருந்தைப் பார்க்க வந்தார்கள். முதல் ஓட்டத்தில் அவர்களோடு நானும் இருந்தேன். அச்சிற்றூர் நிறுத்தத்தில் வண்டி நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் சுமைகளோடு நின்றிருந்தார்கள். முன்னால் பாவாயி, காலடியில் ஆறு பலாப்பழங்கள்.

நடத்துனர் படியில் நின்றபடி கையை விரித்தார். “அக்கா, தெனமும் இதேதானுங்களா? மேல ஏத்த முடியாது, உள்ள வழியில வெக்க முடியாது. மடியில வெச்சுக்கறதுன்னா ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கங்க.”

“மத்த அஞ்ச யாரு மடியில வெக்கறதுங்க? டிரைவரண்ணன் மடியிலயா?” என்றார் பாவாயி. யாரும் சிரிக்கவில்லை. அன்று என்னோடு சேர்ந்து சிரித்தவர்கள்தாம் அவருக்குப் பின்னால் வாழைத்தாரோடும் மிளகு மூட்டையோடும் நின்றிருந்தார்கள்.

“ஜீப்புல போட்டுக்கிட்டுப் போலாமில்லீங்க?” என்றார் நடத்துனர்.

“பழத்த வித்தாலும் ஜீப்பு வாடகைக்குப் பத்தாதுங்க சாமி. போன வாரம் பழுத்ததெல்லாம் மாட்டுக்குத்தான் வெட்டிப் போட்டனுங்க.”

அப்போது ஜன்னலோரம் இருந்த என்னை அவர் பார்த்துவிட்டார். முகம் மாறவில்லை. நடத்துனரிடம் சொன்னார்: “இந்த அம்மிணியக் கேளுங்க. இவங்கதான் வந்து எல்லாஞ் சொன்னாங்க.”

நடத்துனர் திரும்பினார். குழுவினர் மூவரும் திரும்பினார்கள். “ஏத்தலாமுங்களா மேடம்?” என்று நடத்துனர் உண்மையாகவே கேட்டார். எத்தனையோ மேடைகளில், எத்தனையோ ஆயிரம் முகங்களுக்கு முன்னால் ஒரு கணமும் தடுமாறாத வாய், ஒரு சொல்லும் இல்லாமல் திறந்தபடி நின்றது. பாவாயி, “அன்னைக்கு எவ்வளவு பேசுனீங்க அம்மிணி” என்றார். அவ்வளவுதான். பழங்களை ஒவ்வொன்றாகச் சாலையோரம் ஒதுக்கி வைக்கத் தொடங்கினார். வண்டி கிளம்பிற்று. குழுவில் ஒருவர், “இது பதிவேட்டில் வரவேயில்லையே?” என்று கேட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அலுவலகம் திரும்பியதும் நடேசன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்தைய நாளே பதில் தெரியும் என்பதையும், நேரில் போகவில்லை, செம்மேட்டிலிருந்து போன் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவர் பழைய பதிவேட்டை எடுத்து ஜன்னலோரம் போனார். “பாவாயி” என்றார். அந்தப் பெயரை அத்தனை நிதானமாக அவர் சொன்னது என்னைத் திட்டியிருந்தால் வந்திருக்கக் கூடியதைவிடக் கனமாக இறங்கியது.

“நீங்க போகலைன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சும்மா” என்றார் பிறகு. “செருப்புல செம்மண் இல்ல. ஆனா அனுப்பற கடைசி நாளு. புள்ளிய அழிச்சா வேலை முடியும்னு எனக்கும் இருந்துச்சு. அழிச்சது என் கைதான்.”

விதிப்படி இதற்கு ஒரு வழிதான் இருந்தது. தவறாகப் பதிந்தவரே, அதே ஊரில், அதே மக்கள் முன், திருத்தத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்டவர் கையெழுத்திட வேண்டும். பிறகு அது குழுவுக்குப் போகும். என்மீது விசாரணை வருமுன் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன்; இந்த ஒரு வேலையை முடித்துவிட்டுப் போக மட்டும் அனுமதி கேட்டேன். திருத்தம் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் விலகிய நாள்வரை பதில் வரவில்லை. இன்று புதிய வரைவில் மலைத்தடங்களின் சுமை பற்றி ஏதும் இருக்கிறதா என்று இளையவர்கள் மூவரும்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

திருத்தம் படித்த அந்தக் கூட்டத்துக்கு, முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். தங்கராசு சுவரோரம் தலைகுனிந்து நின்றார். பாவாயி கடைசியில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்பு கேட்டு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எழுதும்போதே அது நன்றாக அமைந்துவிட்டதை உணர்ந்து ஒரு கணம் மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் வாக்கியம் பாதி வந்தது.

“ஏனுங்க அம்மிணி, மறுக்காப் பேச்சுப் போட்டிக்கா வந்திருக்கீங்க?” என்றார் பாவாயி.

இம்முறை சிரிப்பு என்மீது விழுந்தது. தாளை மடித்தேன்.

“இல்லீங்க அக்கா. உங்க கேள்விக்குப் பதில் சொல்ல வந்தேன். பஸ்ஸு மேல மூட்டை ஏத்தக் கூடாதுங்க.”

“அது எங்களுக்கே தெரிஞ்சு போச்சுங்களே. உங்களுக்கு எப்பங்க தெரியும்?”

“கூட்டத்துக்கு முந்தின நாளே தெரியுமுங்க.”

தங்கராசு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பாவாயி எழுந்து முன்னால் வந்தார்.

“தெரிஞ்சேவா எல்லாத்தையும் சிரிக்க வெச்சீங்க?”

“ஆமாங்க.”

“நான் அன்னைக்கு ஊட்டுக்குப் போயி, நாமதான் ஒண்ணும் புரியாமக் கேட்டுட்டம் போலன்னு நெனச்சனுங்க” என்றார். “அதுக்கப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் நான் போகலீங்க. பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குக்கூடப் போகல. என்ற புள்ளையே, வேண்டாம்மா, ஜன்னல் சீட்டும்பாங்கன்னுது.”

அதற்கு ஈடான சொல் எந்த மொழியிலும் இல்லை என்று மேடையில் சொல்லியிருப்பேன். அங்கே அதைச் சொல்லக்கூட எனக்குத் தகுதி இல்லை.

“கூடாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, காலையில பழைய வண்டிய நிறுத்தாதீங்க, புதுச ரெண்டாவதா உடுங்கன்னு கேட்டிருப்பமுங்க. அவ்வளவுதானுங்களே?” என்றார் பாவாயி. பேனாவை வாங்கித் திருத்தத்தின் கீழே பெயரை எழுதினார்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “இப்பக் கேட்டா என்னுங்க?”

“அதானே. இப்பக் கேட்டா யாரு வேண்டாங்கறா?”

அங்கிருந்து கூட்டம் என் கையில் இல்லை. மிளகுக்காரர்கள் ஒன்று சொன்னார்கள், வாழைக்காரர்கள் ஒன்று சொன்னார்கள். புதுப் பேருந்து வேண்டாம் என்று ஒருவர் சொல்ல, “அது எதுக்குங்க வேண்டாம்? நோயாளிய ஏத்திக்கிட்டுப் போனா குலுங்காமப் போகுது. நேரத்த மாத்துனாப் போதும்” என்று பாவாயி மறுத்தார். மாறி மாறிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தபோது, யாரோ என்னைக் காட்டி, “அம்மிணியவே நல்லா எடுத்துச் சொல்லச் சொல்லலாமுங்க” என்றார்கள்.

“வேண்டாமுங்க” என்றார் பாவாயி. “நாம சொல்லுவோம். அவங்க எழுதட்டும்.”

பள்ளிப் படியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லத் தொடங்கினார். ‘விடிகாலை முதல் ஓட்டத்திற்கு முன்பிருந்த பேருந்தையே மீண்டும் இயக்கிட ஊர்மக்கள் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறார்கள்’ என்று என் கை தானாக எழுதிக்கொண்டு போயிற்று.

“என்னங்க எழுதியிருக்கீங்க? படிங்க” என்றார். படித்தேன்.

“இப்புடி நான் சொல்லலீங்களே. ‘காலையில பழைய பஸ்ஸ உடுங்க, எங்க பழம் அழுகுது.’ இதத்தானுங்க சொன்னேன்.”

என் வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை எழுதினேன்.